முதல் கருத்தரங்க உரைக்குத் தயாராவது எப்படி: முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலையிலோ பிஎச்.டி.யிலோ சேர்ந்த சில மாதங்களில் கைடு (ஆய்வு நெறியாளர்) ஒருநாள், “அடுத்த கருத்தரங்குல ஒரு பேப்பர் கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கே விண்ணப்பிப்பது, யாரிடம் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு செலவாகும், பத்து நிமிடத்தில் எதைச் சொல்லி எதை விடுவது, யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. நானும் சீனியர்களிடம் துண்டு துண்டாகக் கேட்டு, அலுவலகத்துக்கும் துறைக்கும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

“கருத்தரங்கு எனக்குத் தேவையா?” என்று சிலர் கேட்பார்கள். 2022 நவம்பரில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைகளில், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நின்று பேச வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆசிரியர்களும் மற்ற ஆய்வு மாணவர்களும் வரக்கூடிய அமர்வில் பேச வேண்டும். கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. கருத்தரங்கு இதற்கெல்லாம் பயிற்சிக் களம். அதுபோக, சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதியில் கருத்தரங்கக் கட்டாயத்தை இன்னும் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிமுறை நகலை ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்கி, ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

1. நாள்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கருத்தரங்கத் தேதியை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். உள்நாட்டுக் கருத்தரங்குகளில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் பெரும்பாலும் இரண்டு மாதம் முன்னால் இருக்கும். ஏற்பு மெயில் வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் இந்த நடைமுறைதான். பழைய 120 நாள் கணக்கை இன்னும் சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். ஆன் டியூட்டி கடிதம் (கருத்தரங்கு நாள்களை விடுப்பாகக் கணக்கிடாத அனுமதி) கைடு, துறைத்தலைவர், சில இடங்களில் பதிவாளர் அலுவலகம் வரை போய்த் திரும்ப பத்து நாளாவது ஆகும். கையெழுத்து போடுபவர் விடுப்பில் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

ஆக, சுருக்கம் அனுப்பியபின் கருத்தரங்குக்கு எட்டு வாரம் இருந்தால் நிம்மதி. ஆறு வாரத்தில் முடிக்கலாம். அதற்கும் குறைவாக இருந்தால் வெளியூர்க் கருத்தரங்கை விட்டுவிட்டு உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத்திலோ நடப்பதைத் தேடுங்கள்.

2. எதைச் சொல்லப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஸ்லைடைத் திறக்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும். தலைப்பையே அந்த வாக்கியம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்காட்டுக்கு, தருமபுரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவை ஆராய்கிற ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். “தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு” என்பது தலைப்பு. அதில் செய்தி ஒன்றும் இல்லை. “மழைக்காலம் முடிந்த பிறகும் இந்தக் கிணறுகளில் ஃபுளோரைடு வரம்புக்குக் கீழே இறங்கவில்லை” என்பதுதான் அவர் சொல்ல வந்தது. இந்த வாக்கியம் கையில் இருந்தால் எந்தப் படம் வேண்டும், எந்த அட்டவணை வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எழுதிய வாக்கியத்தை உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். விடுதி அறைத் தோழி, வீட்டில் அக்கா, யாராக இருந்தாலும் சரி. “அதனால என்ன?” என்று அவர் கேட்டால் அந்தக் கேள்விக்கான பதிலையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். உரையின் முதல் நிமிடத்தில் வர வேண்டியது அந்தப் பதில்தான்.

3. கருத்தரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்

பணம் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “மதிப்புக்குரிய ஆய்வாளரே, உங்கள் சிறப்பான ஆய்வைக் கண்டு வியந்தோம்” என்று ஆரம்பிக்கும் மெயில் வந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ஒரே இடத்தில் ஒரே நாளில் மருத்துவம், பொறியியல், மேலாண்மை, மொழியியல் எல்லாவற்றுக்கும் கருத்தரங்கு நடத்துவதாகச் சொன்னால், சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஏற்பு வந்தால், நடத்தும் துறையின் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லாவிட்டால் விலகிவிடுங்கள். ஆய்விதழ்களும் கருத்தரங்குகளும் நடத்திய ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடர்ந்த வழக்கில், 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. கருத்தரங்குக்கு வரச் சம்மதிக்காத ஆய்வாளர்களின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. சிறப்புப் பேச்சாளர் என்று போட்டிருப்பவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவருக்கே ஒரு வரி மெயில் அனுப்பிக் கேட்பதில் தவறில்லை.

இன்னொரு பொறி: “கட்டுரை யுஜிசி கேர் இதழில் வெளியிடப்படும், கூடுதல் கட்டணம் இவ்வளவு” என்ற விளம்பரம். தரமான இதழ்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியலையே யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இன்னும் அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் உள்ள இதழ் என்று சொன்னால், ஸ்கோபஸ் தளத்தில் இதழ்களின் பட்டியலைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். இதழின் பெயரோடு ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளங்கள் இருக்கின்றன.

முதல் உரைக்கு என் பரிந்துரை, உங்கள் துறைசார் சங்கமோ அருகிலுள்ள பல்கலைக்கழகத் துறையோ நடத்தும் நேரடிக் கருத்தரங்கு. ஆன்லைன் கருத்தரங்கில் செலவு குறைவு, சான்றிதழும் கிடைக்கும். ஆனால் எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற பழக்கம் அதில் வராது.

4. ஆவணங்கள்

சுருக்கம் பெரும்பாலும் 250 முதல் 300 வார்த்தைக்குள் கேட்பார்கள். பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். முறை, முடிவு, அதன் பொருள் மூன்றுக்கும்தான் இடம் வேண்டும். முடிவே இல்லாமல் “முடிவுகள் விவாதிக்கப்படும்” என்று எழுதி அனுப்பினால் தேர்வுக்குழு ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். அனுப்பும் முன் கைடிடம் எழுத்திலேயே ஒப்புதல் வாங்குங்கள். ஆசிரியர் பெயர்களின் வரிசையையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இதைப் பின்னால் பேசலாம் என்று தள்ளிப்போட்டால் மனக்கசப்பில் போய் முடியும்.

பதிவுப் படிவத்தில் உங்கள் பெயர் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி, இனிஷியல் முன்னால் என்றால் முன்னால், பின்னால் என்றால் பின்னால் இருக்கட்டும். சான்றிதழில் அதே பெயர்தான் அச்சாகும். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரா?” என்று கேட்பார்கள். பல கருத்தரங்குகளில் பணம் கட்டிப் பதிவு செய்தவருக்கு மட்டும்தான் சான்றிதழ். உடன் ஆசிரியருக்கும் வேண்டும் என்றால் அவரும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கையில் ஒரு கோப்பில் இருக்க வேண்டியவை: ஏற்பு மெயிலின் அச்சு, கட்டண ரசீது, பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், இங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், ஆன் டியூட்டி அனுமதியின் நகல், அசல் அடையாள அட்டை, கருத்தரங்க அழைப்பிதழ். இந்த அழைப்பிதழைப் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது நிதிப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.

5. செலவு

துறை அளவிலான தேசியக் கருத்தரங்குகளில் மாணவர் கட்டணம் பெரும்பாலும் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை இருக்கும். பொறியியலில் தொகுப்பு நூலாக வெளியிடும் சர்வதேசக் கருத்தரங்குகள் பல ஆயிரம் கேட்கும். சீக்கிரம் கட்டினால் குறைவு, கடைசி வாரத்தில் கட்டினால் கூடுதல் என்று இரண்டு விலை இருக்கும். முதல் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தங்க இடம் வேண்டுமா என்று படிவத்தில் கேட்டிருந்தால் வேண்டும் என்று போடுங்கள். நடத்தும் நிறுவனத்தின் விடுதி அறை வெளி லாட்ஜைவிட மலிவு, பெண்களுக்குப் பாதுகாப்பும்கூட.

ரயிலில் ஒரு சலுகை பலருக்குத் தெரிவதில்லை. 35 வயது வரை உள்ள ஆய்வு மாணவர்களுக்கு, ஆய்வு தொடர்பான பயணத்துக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 50 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட சலுகைப் படிவத்தோடு முன்பதிவு கவுன்டருக்கு நேரில் போக வேண்டும். அந்தப் படிவம் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

யுஜிசியின் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு மாதம் 37,000 ரூபாயோடு ஆண்டுதோறும் ஆய்வுச் செலவுகளுக்கான கன்டின்ஜென்சி நிதியும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கலை, சமூக அறிவியலில் ஆண்டுக்கு 10,000, அறிவியலில் 12,000. பதிவுக் கட்டணத்தையும் பயணத்தையும் அதில் காட்டலாமா என்பதை உங்கள் நிதிப் பிரிவில் போவதற்கு முன்பே கேளுங்கள், போய்விட்டு வந்து கேட்டால் “முன் அனுமதி எங்கே?” என்பார்கள். உதவித்தொகை இல்லாதவர்கள் அமைப்பாளருக்கு ஒரு மெயில் எழுதிக் கட்டண விலக்கு கேட்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் மறுப்பதில்லை.

6. ஸ்லைடு

பத்து நிமிடத்துக்குப் பத்து ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக இருக்கட்டும். “முடிவுகள்” என்று போடுவதற்குப் பதில் “ஜனவரியிலும் பெரும்பாலான கிணறுகள் வரம்பைத் தாண்டுகின்றன” என்று போடுங்கள். கீழே அதைக் காட்டும் ஒரே ஒரு வரைபடம். கடைசி வரிசையில் இருப்பவர் படிக்க எழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆய்வேட்டிலிருந்து அட்டவணையை அப்படியே ஒட்டுவது எல்லோரும் செய்வது, யாரும் படிக்க முடியாதது. “இதை உங்களால் படிக்க முடியாது என்று நினைக்கிறேன்” என்று சொல்ல வேண்டிய நிலையில் ஒரு படம் இருந்தால் அது ஸ்லைடில் இருக்கக் கூடாது.

வரைபடம் வந்ததும் நேராக முடிவுக்குத் தாவாதீர்கள். நீங்கள் மாதக்கணக்கில் பார்த்த படத்தை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: “கிடை அச்சில் மாதங்கள். செங்குத்து அச்சில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு. இந்தக் கோடு 1.5, இந்தியத் தர நிர்ணய அமைவனம் வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச வரம்பு. கோட்டுக்கு மேலே இருக்கும் புள்ளிகளை மட்டும் பாருங்கள்.” இதைச் சொல்ல இருபது விநாடிதான் ஆகும். அதன் பிறகு நீங்கள் சொல்வது எல்லாம் அவர்களுக்குப் புரியும்.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பவர்பாயின்ட்டின் சேமிப்பு விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் நகல் எடுத்து, பென் டிரைவிலும் உங்கள் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் மூன்று, நான்கு உபரி ஸ்லைடு வையுங்கள். மாதிரி எடுத்த இடங்கள், சோதனை முறையின் விவரம், விட்டுவிட்ட அட்டவணை ஆகியவை அங்கே இருக்கட்டும். கேள்வி வரும்போது ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டினால் நேராக அங்கே போய்விடும். திரையை இருட்டாக்கி எல்லோரையும் உங்கள் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் கீபோர்டில் பி எழுத்தைத் தட்டினால் போதும்.

7. வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. மனதில் எல்லா வாக்கியமும் சரியாகத்தான் முடியும். வாயைத் திறந்தால்தான் எந்தச் சொல்லில் நாக்கு தடுக்குகிறது, எந்த ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போக வாக்கியம் இல்லை என்பது தெரியும்.

முதல் சுற்று தனியாக. கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, போனில் குரலைப் பதிவு செய்து பேசுங்கள். பதிவைக் கேட்பது கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் “ஸோ”, “ஆக்சுவலி” வருகிறதா, வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இந்த இரண்டைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் சுற்று, உங்கள் ஆய்வு தெரிந்த இருவர் முன்னால். ஒருவர் நேரம் பார்க்கட்டும், இன்னொருவர் புரியாத இடத்தில் கை தூக்கட்டும். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள், “நல்லா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். “நான் சொன்னதுல முக்கியமானது என்ன?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதும் நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியமும் பொருந்தவில்லை என்றால் உரையைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாம் சுற்று துறையில், உண்மையான அறையில், ப்ரொஜெக்டர் போட்டு. வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் கேட்டால் துறைத்தலைவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. கைடு வந்தால் நல்லது. வர நேரமில்லை என்றால் பதிவை அனுப்பிக் கருத்து கேளுங்கள்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் அடுத்து வருவது எல்லாம் மறந்துவிடும். முதல் மூன்று வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நுழையும் வாக்கியம் ஆகியவற்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட உரையை ஒத்திகையில் ஒன்பதுக்குள் முடிக்கப் பழகுங்கள். மேடையில் மைக் சரிசெய்யவும், அமர்வுத் தலைவருக்கு வணக்கம் சொல்லவும் நேரம் போகும். அமர்வு தாமதமானால் தலைவர் “ஏழு நிமிஷத்தில் முடிச்சுக்குங்க” என்பதும் சகஜம். அப்படிச் சொன்னால் எந்த இரண்டு ஸ்லைடைத் தாண்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

குறுக்கிச் சொல்லப் பழக இன்னொரு நல்ல வழி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டியின் விதிகள்: அசையாத ஒரே ஸ்லைடு, மூன்று நிமிடம், அதைத் தாண்டினால் தகுதி இழப்பு. போட்டியில் கலந்துகொள்ளாவிட்டாலும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து விடுதி மொட்டை மாடியில் இதை வாரம் ஒருமுறை செய்யலாம். செலவே இல்லை.

வெளியே பழக இடம் தேடுபவர்கள் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் பார்க்கலாம். 1924-ல் அமெரிக்காவில் தொடங்கிய மேடைப் பேச்சுப் பயிற்சி அமைப்பு இது, நம் பெரிய நகரங்களிலும் மன்றங்கள் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டி நேரத்தை உணர்த்துவார்கள். “ஆ”, “ம்” என்று இழுப்பதை எண்ணவே ஒருவர் இருப்பார். உறுப்பினர் கட்டணம் டாலர் கணக்கு என்பதால் மாணவருக்குச் சுமைதான். விருந்தினராகச் சில கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள், அதற்குப் பணம் கேட்பதில்லை. என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் மென்திறன், ஆய்வு எழுத்து பற்றிய பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் நேரடித் தேர்வுக்குக் கட்டணம். மொத்த மதிப்பெண்ணில் பயிற்சிகளுக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75. எழுத்துக்கு அவை உதவும். பேச்சு, பேசினால்தான் வரும்.

8. ஆங்கிலம் பற்றி

உங்கள் கருத்தரங்கு தமிழில் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆங்கிலத்தில் என்றால், உச்சரிப்பை மாற்ற முயல வேண்டாம். நம் ஊர் உச்சரிப்பு எல்லோருக்கும் புரியும். வேகமாகப் பேசினால்தான் புரியாது. உங்கள் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும் இருபது கலைச்சொற்களை எழுதி, ஆன்லைன் அகராதியில் ஒலியைக் கேட்டு, எந்த அசையில் அழுத்தம் என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதும் சரியாக வந்தால் மற்ற சொற்களில் வரும் சிறு தடுமாற்றத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

வாக்கியத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் நீளமாக யோசித்து அதை ஆங்கிலத்தில் மாற்றப் போனால் பாதி வழியில் வினைச்சொல் கிடைக்காமல் நின்றுவிடும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. நிறுத்துங்கள். அடுத்தது. ஸ்லைடில் இருப்பதை வரி வரியாக வாசிக்க வேண்டாம், ஏனென்றால் உங்களைவிட வேகமாக அவர்கள் படித்து முடித்துவிடுவார்கள்.

9. கேள்வி நேரம்

பயம் அதிகம் இருப்பது இங்கேதான், தயாரிப்பு குறைவாக இருப்பதும் இங்கேதான். வரக்கூடிய பத்துக் கேள்விகளை முன்கூட்டியே எழுதுங்கள். ஏன் இந்த இடம், ஏன் இத்தனை மாதிரிகள், ஏன் இந்த முறை, முந்தைய ஆய்வுகளிலிருந்து என்ன வேறுபாடு, இதன் பயன் என்ன: இந்த ஐந்தும் எந்தத் துறையிலும் வரும். மீதி ஐந்தை உங்கள் கைடும் சீனியர்களும் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியப் பதில் எழுதி, அதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அரங்கில் கேள்வி முடியும்வரை காத்திருங்கள். முடிந்ததும் “நீங்கள் கேட்பது மாதிரி எண்ணிக்கை போதுமா என்பதுதானே?” என்று திருப்பிச் சொல்லுங்கள். இதனால் மூன்று நன்மை: தவறாகப் புரிந்திருந்தால் அவர் திருத்துவார், பின்வரிசையில் கேட்காதவர்களுக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்கச் சில விநாடி கிடைக்கும். பிறகு நேரடியாகப் பதில். “இந்த எண்ணிக்கையை வைத்து மாவட்டம் முழுமைக்கும் சொல்ல முடியாது. நான் சொல்வது இந்தக் கிணறுகளைப் பற்றி மட்டும். அடுத்த ஆண்டு மற்ற ஒன்றியங்களிலும் மாதிரி எடுக்கிறேன்.” இதோடு நிறுத்திவிடுங்கள். பதில் சொல்லி முடித்தபின் தொடர்ந்து பேசும்போதுதான் புதிய சிக்கல் வருகிறது.

தெரியாத கேள்வி வந்தால், “அந்தக் கோணத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்” என்று சொல்லி அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வைவாவிலும் தேர்வாளர்கள் இந்தப் பதிலை மதிக்கிறார்கள். ஊகத்தை உண்மை போலச் சொல்வதைத்தான் மன்னிப்பதில்லை. சிலர் கேள்வி கேட்காமல் தங்கள் ஆய்வைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு அமர்வுத் தலைவரைப் பாருங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். குரலை உயர்த்திக் குறை சொல்பவர் வந்தாலும், அவர் சொல்வதில் உங்கள் ஆய்வைப் பற்றிய பகுதி எதுவோ அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

10. போஸ்டர் கொடுத்திருந்தால்

ஏ0 அளவு என்றால் 84.1 க்கு 118.9 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 10.8 சதுர அடி. நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா என்று அமைப்பாளரிடம் கேட்டுவிட்டு வடிவமையுங்கள். ஃபிளெக்ஸ் கடையில் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். சாதா ஃபிளெக்ஸ் மலிவு, சுருட்டி எடுத்துப்போக வசதி. கோப்பை பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்க வேண்டும். பவர்பாயின்ட்டாகக் கொடுத்து அவர்கள் கோரல்டிராவில் திறந்தால் தமிழ் எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். முழு அளவில் அடிக்கும் முன் ஏ4 தாளில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள், அதில் படிக்க முடியாத எழுத்து போஸ்டரிலும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. போஸ்டர் அருகே நிற்கும்போது ஒரு நிமிடத்தில் சொல்ல ஒரு சுருக்கத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

11. அன்றைக்கு

அமர்வு தொடங்க அரை மணி முன்னால் போய், அந்தக் கணினியில் உங்கள் கோப்பைத் திறந்து கடைசி ஸ்லைடு வரை ஓட்டிப் பாருங்கள். சொந்த மடிக்கணினி என்றால் பழைய அரங்குகளில் விஜிஏ கேபிள்தான் இருக்கும். எச்டிஎம்ஐயிலிருந்து மாற்றும் அடாப்டரை யாரிடமாவது கடன் வாங்கியாவது எடுத்துப்போங்கள். அமர்வுத் தலைவரிடம் முன்பே போய் வணக்கம் சொல்லி, உங்கள் பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று தெரிவித்துவிடுங்கள். உங்கள் உரை முடிந்ததும் எழுந்து போய்விடாமல் அமர்வு முடியும்வரை இருந்து, மற்றவர்களிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேள்வி கேட்பதும் இதே பயிற்சியின் பகுதி.

சான்றிதழை வாங்கியதும் அங்கேயே பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதி மூன்றையும் சரிபாருங்கள். “வாசித்தார்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “கலந்துகொண்டார்” என்று இருந்தால் கிளம்பும் முன் மாற்றி வாங்குங்கள். ஊருக்குப் போய் மெயிலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

12. திரும்பி வந்த வாரம்

கேள்வி கேட்டவர்களில், நீங்கள் பதில் எழுதுவதாகச் சொன்னவர்களுக்கு இரண்டு நாளுக்குள் மெயில் அனுப்புங்கள். வந்த கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் அவற்றில் பாதி திரும்ப வரும். பயணப் பில்லை அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்: அசல் டிக்கெட், பதிவுக் கட்டண ரசீது, சான்றிதழ் நகல், அழைப்பிதழ், முன் அனுமதிக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல். ஆட்டோ போன்ற சில்லறைச் செலவுகளுக்கு ரசீது இல்லையென்றால் கையெழுத்திட்ட உறுதிமொழியை ஏற்பார்களா என்று கேளுங்கள். கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும், பில் கொடுத்த தேதியோடு அலுவலக முத்திரையும் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிதியாண்டு மார்ச் 31-ல் முடிவதால், பிப்ரவரி, மார்ச்சில் நடந்த கருத்தரங்கின் பில்லை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள்.